இந்த சர்வர்ல இருக்குற டேட்டாவ அந்த சர்வருக்கு எப்படி அனுப்புறது?

போன வாரம் ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்கு மேல கால் பண்ணான், வேலைக்குச் சேந்து இன்னும் வருஷம் கூட ஆகல. "அண்ணா, லாகின் ஆனதும் யூசர் ஐடிய செஷன்ல போட்டுட்டு ரிப்போர்ட் சைட்டுக்கு ரீடைரக்ட் பண்றேன், அங்க போய்ப் பாத்தா செஷன் காலியா இருக்கு, என் லேப்டாப்ல ஓட்டுனா நல்லா வருது, லைவ்ல போட்டா மட்டும் வரல"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான். ரெண்டும் ஒரே சர்வர்லயாடா இருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். "இல்லண்ணா... அது வேற சர்வர், வேற டொமைன்."

அதான் விஷயம். அன்னைக்கு போன்ல அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க முக்கா மணி நேரம் ஆச்சு, அதையே கொஞ்சம் நிதானமா எழுதி வச்சிடலாம்னு தான் இது, ஏன்னா வெப் டெவலப்மென்ட் பழகுற எல்லாருமே ஒரு நாள் இந்த சுவத்துல வந்து முட்டிப்பாங்க, நானும் நல்லாவே முட்டிருக்கேன்.

மொதல்ல இந்த செஷன்னா என்னன்னு பாத்துடுவோம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற முறைக்கு எச்டிடிபின்னு பேரு, அதுக்கு ஞாபக சக்தியே கிடையாது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அதுக்குப் புது ஆளு மாதிரி தான். அதுக்காகத் தான் 1994-ல நெட்ஸ்கேப்ல வேலை பாத்த லூ மோன்டுல்லி குக்கின்னு ஒன்னக் கொண்டு வந்தாரு. கோயிலுக்குப் போனா செருப்ப விட்டுட்டு டோக்கன் வாங்குறோம்ல, அந்த டோக்கன் தான் குக்கி. டோக்கன்ல செருப்பு இல்ல, வெறும் நம்பர் தான் இருக்கு, செருப்பு கவுன்டருக்குப் பின்னாடி அலமாரில கெடக்கு, அந்த மாதிரி உங்களுக்குன்னு சர்வர் எடுத்து வச்சிருக்குற டேட்டா தான் செஷன். பிஎச்பிங்கிற சர்வர் மொழில எதையும் மாத்தாம செஷன் ஆரம்பிச்சீங்கன்னா அந்த அலமாரிங்கிறது அந்த சர்வரோட டிஸ்க்ல ஒரு ஃபோல்டர், உள்ள ஆளுக்கு ஒரு ஃபைல், அவ்வளவு தான். மீனாட்சி அம்மன் கோயில்ல வாங்குன டோக்கன அழகர் கோயில் கவுன்டர்ல போய் நீட்டுனா செருப்பு வருமா? இதுல இன்னொன்னு, அந்த டோக்கன அங்க எடுத்துட்டுப் போகவே பிரவுசர் விடாது, எந்த டொமைன் குக்கியக் குடுத்துச்சோ அந்த டொமைனுக்குத் தான் அது திரும்பப் போகும்.

அப்ப லேப்டாப்ல மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேட்டான். நல்ல கேள்வி. அவன் ரெண்டு அப்ளிகேஷனையும் லோக்கல்ஹோஸ்ட்ல 8000, 8001-ன்னு ரெண்டு போர்ட்ல ஓட்டிருக்கான். குக்கி போர்ட் நம்பரக் கண்டுக்காது, ஹோஸ்ட் பேர மட்டும் தான் பாக்கும். ரெண்டு பேருக்கும் செஷன் ஃபோல்டரும் ஒன்னே ஒன்னு தான். அதாவது ஒரே கோயில், ஒரே கவுன்டர், வாசல் மட்டும் ரெண்டு. இப்படி லோக்கல்ல தப்பு தெரியாம ஓடிட்டு லைவ்ல போய்க் காலை வாருற விஷயங்கள்ல இதுக்கு மொதல் எடம் குடுக்கலாம்.

ரெண்டு அப்ளிகேஷனும் ஒரே டொமைனோட சப்டொமைன்கள்னா கொஞ்சம் சுலபம், குக்கிய மேல் டொமைனுக்குன்னு செட் பண்ணலாம், அலமாரிய ரெடிஸ்ங்கிற டேட்டா ஸ்டோர் மாதிரி பொதுவான எடத்துக்கு மாத்திட்டு ரெண்டு சர்வரும் அதையே பாக்குற மாதிரி வைக்கலாம். ரெண்டும் உங்க கையில இருந்தா இது போதும். ஒன்னு உங்களோடது, இன்னொன்னு வேற ஆளோடதுன்னா இது ஆகாது.

சரி, அப்ப வேற என்ன வழி? ரீடைரக்ட், போஸ்ட் ஃபார்ம், ஏபிஐ, வெப்ஹூக், எஸ்எஸ்ஓ, கியூன்னு எவ்வளவோ பேரு சொல்லி பயமுறுத்துவாங்க, ஆனா உத்துப் பாத்தா பாதை ரெண்டே ரெண்டு தான். ஒன்னு யூசரோட பிரவுசர் கையில குடுத்து அனுப்புறது. இன்னொன்னு பிரவுசருக்கே தெரியாம ஒரு சர்வர் இன்னொரு சர்வர நேராக் கூப்பிட்டுப் பேசுறது. ஸ்கூல்ல ரேங்க் கார்ட பையன் கையிலயே குடுத்து அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாடான்னு அனுப்புவாங்கல்ல, அது மொத பாதை. மிஸ்ஸே அப்பாவுக்கு போன் போட்டுப் பேசுறது ரெண்டாவது பாதை. ரேங்க் கார்டு வீடு வரைக்கும் வர்ற வழியில 35 எப்படி 85 ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

இத நான் கத்துக்கிட்டது ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை செஞ்சப்ப. சேலை விக்கிற சைட் ஒரு சர்வர்ல, பணம் வாங்குற பக்கம் வேற சர்வர்ல. கஸ்டமர் வாங்குறேன்னு பட்டன அமுக்குனதும் அடுத்த சைட்டுக்கு இப்படி ஒரு லிங்க்ல தள்ளி விடுவோம், யூஆர்எல்ல இருந்த இங்கிலீஷ் பேர்களத் தமிழ்ல மாத்தி எழுதுறேன்:

பணம்-கட்டு?ஆர்டர்=1042&தொகை=1850

மூணு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் ஒரு நாள் கணக்குப் பாக்குற அக்கா கூப்பிட்டு, "தம்பி, 1850 ரூபா சேலைக்கு 1 ரூபா வந்துருக்கு, பார்சலும் போயிடுச்சு"ன்னாங்க. யாரோ அட்ரஸ் பார்ல தொகைய 1-ன்னு மாத்தி என்டர் தட்டிருக்காங்க, ஹேக்கிங்னு சொல்லக்கூட கூச்சமா இருக்கு, அவ்வளவு சாதாரண வேலை.

அதுக்கு நான் பண்ண மொத வைத்தியம் இன்னும் கேவலம். யூஆர்எல்ல வேண்டாம்னு போஸ்ட் ஃபார்ம்ல ஹிட்டன் ஃபீல்டா, அதாவது ஸ்க்ரீன்ல தெரியாத கட்டமா போட்டேன். எஃப்12 அமுக்கி பிரவுசரோட டெவலப்பர் டூல்ஸத் தெறந்தா ஹிட்டன் ஃபீல்டு பல்லக் காட்டிட்டு நிக்கும், அதையும் மாத்தலாம். அடுத்து பேஸ்64 போட்டு எழுத்தக் கொழப்பி விட்டேன், மறைச்சிட்டேன்னு ஒரு திருப்தி வேற. பேஸ்64-ங்கிறது பூட்டே இல்ல, வேற எழுத்துல எழுதுறது, அவ்வளவு தான், யாரு வேணா ரெண்டு செகண்ட்ல திருப்பிடலாம். எச்டிடிபிஎஸ் இருக்கேன்னு கேப்பீங்க. எச்டிடிபிஎஸ் நடுவுல ஒயர்ல ஒட்டுக் கேக்குறவன்கிட்ட இருந்து தான் காப்பாத்தும். இங்க மாத்துறவன் நடுவுல இல்ல, பிரவுசருக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துருக்கான்.

சரியான வைத்தியம் கையெழுத்து. அதுக்குப் பேரு எச்மேக், 1997-லயே ஆர்எஃப்சி 2104-ன்னு எழுதி வச்சிட்டாங்க (ஆர்எஃப்சிங்கிறது இன்டர்நெட் தொழில்நுட்பத்துக்கான ஆவண வரிசை). ரெண்டு சர்வருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய சாவி இருக்கும், நீளமா, யாரும் ஊகிக்க முடியாததா. அனுப்புற சர்வர் "1042, 1850, இன்ன நேரம்"னு இருக்குற வரியையும் சாவியையும் சேத்து எஸ்எச்ஏ-256 மெஷின்ல போட்டு அரைக்கும், வெளிய 64 எழுத்துல ஒரு மாவு வரும். அந்த 64 எழுத்தையும் லிங்க்லயே ஒட்டி அனுப்பும். அந்தப் பக்கத்து சர்வர் வந்த ஆர்டர், தொகை, நேரம் மூணையும் எடுத்து தன்கிட்ட இருக்குற சாவியப் போட்டு மறுபடி அரைச்சுப் பாக்கும். ரெண்டு மாவும் ஒன்னா இருந்தா நம்மாளு அனுப்பினது. தொகைல ஒரே ஒரு எழுத்து மாறிருந்தாலும் மாவே மொத்தமா வேற ஆயிடும், சாவி இல்லாம புதுசா அரைக்கவும் முடியாது. கவனிங்க, டேட்டா இன்னும் தெறந்து தான் கெடக்கு, யாரு வேணா படிக்கலாம், மாத்துனா மட்டும் மாட்டிப்பாங்க.

ஏன் நேரத்தையும் சேக்கணும்? கையெழுத்து சரியா இருக்குற லிங்க ஒருத்தர் காப்பி பண்ணி வச்சிட்டு ஆறு மாசம் கழிச்சும் தட்டலாம்ல. அனுப்புன நேரத்தையும் உள்ள வச்சு அரைச்சிட்டா, அஞ்சு நிமிஷத்துக்கு மேல பழசு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம். ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் கம்பெனிகளோட லைப்ரரிலயும் எதையும் மாத்தாம விட்டா இந்த அஞ்சு நிமிஷக் கணக்கு தான்.

ஜேடபிள்யூடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 2015-ல ஆர்எஃப்சி 7519-ஆ வந்தது, இந்தக் கையெழுத்து சமாச்சாரத்த ஒரு ஒழுங்கான பொட்டலமாக் கட்டுன வடிவம் தான் அது, நடுவுல ரெண்டு புள்ளி வச்சு மூணு துண்டா இருக்கும். அதையும் பூட்டுன பொட்டின்னு நெனச்சுக்கிட்டு உள்ள பாஸ்வேர்ட வைக்கிறவங்களப் பாத்துருக்கேன். வேண்டாங்க. கண்ணாடிப் பொட்டி அது, மேல சீல் மட்டும் தான் இருக்கு.

கையெழுத்து போட்டாலும் யூஆர்எல்ல எத அனுப்புறோம்னு ஒரு யோசனை வேணும். யூஆர்எல் பிரவுசர் ஹிஸ்டரில நிக்கும், சர்வரோட ஆக்சஸ் லாக்ல நிக்கும், நடுவுல ப்ராக்ஸி இருந்தா அதோட லாக்லயும் நிக்கலாம். ஆதார் நம்பர், போன் நம்பர் எல்லாம் அதுல போகவே கூடாது.

இப்ப ஒரு படி மேல யோசிங்க. பணம் கட்டுற சர்வருக்குத் தொகைய நாம ஏன் அனுப்பணும்? ஆர்டர் நம்பர மட்டும் பிரவுசர் கையில குடுத்து விட்டுட்டு, "1042-க்கு எவ்வளவுப்பா?"ன்னு அந்த சர்வரே நம்ம சர்வர நேராக் கேட்டுக்கிட்டா? பையன் கையில ரேங்க் கார்டே குடுக்கல, அப்புறம் எதத் திருத்துவான். இது தான் ரெண்டாவது பாதை, சர்வர் டு சர்வர். என்னைக் கேட்டா பணம், உரிமை, யாரு என்னங்கிற விஷயம் எதுவா இருந்தாலும் இந்தப் பாதைல தான் போகணும், பிரவுசர் கையில போறது வெறும் நம்பராவோ டோக்கனாவோ இருந்தாப் போதும்.

இதுல பெரிய மந்திரம் ஒன்னும் இல்ல. பிரவுசர் எப்படி ஒரு யூஆர்எல்லக் கேக்குதோ அதே மாதிரி உங்க சர்வர்ல ஓடுற கோடும் கேக்கும், பிஎச்பில கர்ள், பைத்தான்ல ரிக்வெஸ்ட்ஸ், நோட்.ஜேஎஸ்ல (சுருக்கமா நோட்) ஃபெட்ச், எதுவா இருந்தாலும் சரி. தகவல் மட்டும் வேணும்னா கெட், எதாவது பண்ணச் சொன்னா போஸ்ட். நீ யாருன்னு காட்ட, ரிக்வெஸ்ட்டோட மேல ஒட்டிப் போற ஹெடர்ல ஒரு ரகசிய ஏபிஐ கீ. அந்தப் பக்கம் இந்த மாதிரி கேக்குறதுக்குன்னே தெறந்து வச்சிருக்குற வாசலுக்கு ஏபிஐன்னு பேரு. அந்த கீய மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதி பிரவுசருக்கு அனுப்பிடாதீங்க, கல்லாப்பொட்டி சாவிய கடை வாசல்ல ஆணி அடிச்சு மாட்டுன கதை ஆயிடும்.

இங்க எல்லாரும் ஒரு தடவையாவது தலைய பிச்சுக்குற விஷயம், கோர்ஸ் எரர். ஏபிஐய சோதிச்சுப் பாக்குற போஸ்ட்மேன் ஆப்ல போட்டா பதில் வருது, சர்வர்ல இருந்து கேட்டா வருது, பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட்ல கேட்டா மட்டும் செவப்பா எரர். சர்வர்ல தப்புன்னு நெனைக்காதீங்க, பதில் பல நேரம் பிரவுசர் வரைக்கும் வந்துடும், ஆனா அந்த இன்னொரு சர்வர் "இந்த சைட்டுக்குக் காட்டலாம்"னு ஹெடர்ல சொல்லாததால பிரவுசர் அத உங்க ஸ்கிரிப்ட் கையில குடுக்க மாட்டேங்குது. ஒரு சைட் இன்னொரு சைட்டோட டேட்டாவ எட்டிப் பாக்கக்கூடாதுங்கிற விதி நெட்ஸ்கேப் 2 காலத்துலயே வந்தது. அது பிரவுசரோட விதி. சர்வரும் சர்வரும் பேசுற எடத்துல பிரவுசரே இல்ல, அதனால கோர்ஸும் இல்ல.

பேசுற பாஷை இப்பல்லாம் பெரும்பாலும் ஜேசான். முன்னாடி எக்ஸ்எம்எல் கொடி கட்டிப் பறந்துச்சு, நாம தெனமும் டீக்கடைல ஸ்கேன் பண்ற யூபிஐக்குப் பின்னாடி வங்கிகளும் யூபிஐய நடத்துற என்பிசிஐயும் பேசிக்கிறது எக்ஸ்எம்எல்ல தான். ஜேசான் இப்படி இருக்கும்:

{"ஆர்டர்":1042,"பேர்":"மலர்விழி","தொகை":185000}

கீ பேரு தமிழ்ல இருந்தாலும் ஜேசானுக்கு ஆட்சேபணை இல்ல, நெஜமாவே செல்லும், யாரும் எழுதுறதில்ல அவ்வளவு தான். தொகை ஏன் 185000-ன்னு இருக்குன்னு பாத்தீங்களா? அது பைசா. ரேஸர்பே மாதிரி சில பேமென்ட் கேட்வே தொகைய பைசாவுல தான் வாங்கும், நீங்க 1850-ன்னு அனுப்புனா பதினெட்டு ரூபா அம்பது காசுன்னு எடுத்துக்கும், யாரும் எரர் குடுக்க மாட்டாங்க, அது ஒரு ஒழுங்கான தொகை தானே. இந்த மாதிரி ரெண்டு பக்கமும் வேற வேற அர்த்தத்துல படிக்கிற டேட்டா தான் ரொம்பப் படுத்தும். பேங்க் அக்கவுன்ட் நம்பர் சைபர்ல ஆரம்பிச்சா அத எண்ணா அனுப்பக் கூடாது, எழுத்து வரிசையா, அதாவது ஸ்ட்ரிங்கா அனுப்பணும், இல்லன்னா முன்னாடி இருக்குற சைபர் காணாமப் போயிடும். ரொம்ப நீள ஐடியும் அப்படித்தான், ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைக்கும் தான் முழு எண்ண பிசகாம வச்சுக்கும், அதுக்கு மேல போனா கடைசி இலக்கம் தானா மாறலாம். நேரத்த அனுப்பும்போது எந்த ஊரு நேரம்னு சேத்து அனுப்பணும், நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்த ஆர்டர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடுற சர்வருக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை மணி, அன்னைக்கு சேல்ஸ் ரிப்போர்ட் ரெண்டு சர்வர்லயும் ஒத்துப்போகாது.

தமிழ் டேட்டா அனுப்புறவங்களுக்குன்னு தனியா ஒரு பாடு இருக்கு. எழுத்த பைட்டா மாத்துற யூடிஎஃப்-8 முறைல ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூணு பைட். "தமிழ்"ங்கிற வார்த்தைல நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு அஞ்சு, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆக 15 பைட். அத யூஆர்எல்ல அனுப்புனா ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் ரெண்டு எழுத்துமா மாறி 45 எழுத்து ஆயிடும். ஒரு முழு முகவரியத் தமிழ்ல யூஆர்எல்ல போட்டுப் பாருங்க, அனுமார் வால் தான். தமிழ போஸ்ட் பாடில அனுப்புங்க, நிம்மதி.

இப்ப அந்த ஜவுளிக்கடை கதையோட ரெண்டாம் பாகம். கையெழுத்தெல்லாம் போட்டு சர்வர் டு சர்வர் மாத்தியாச்சு. ஆர்டர் சர்வர் பிஎச்பி, அடுத்த பக்கம் நோட். பிஎச்பி ஜேசான உருவாக்கி, அதுக்குக் கையெழுத்து போட்டு அனுப்பும், நோட் சரி பாக்கும். டெஸ்ட் பண்ணோம், எல்லாம் ஓடுச்சு. லைவ்ல போட்ட மறுநாளே சில ஆர்டர் மட்டும் கையெழுத்து தப்புன்னு 401-ங்கிற எரர் வாங்கிட்டுத் திரும்புது. எந்த ஆர்டர்னு வரிசையாப் பாத்தா, கஸ்டமர் பேரத் தமிழ்ல டைப் பண்ணவங்களோடது மட்டும். இங்கிலீஷ்ல பேரு போட்டவங்களோடது எல்லாம் போகுது. தமிழுக்கு இங்கயும் எடம் இல்லையான்னு கிண்டல் பண்ணிட்டே தேடுனோம். அப்புறம் ஒரு இங்கிலீஷ் ஆர்டரும் மாட்டுச்சு, அதுல வித்தியாசமா ஒன்னும் இல்ல, கதவு எண் 12/4.

அந்த சாய்வுக்கோடு தான் துப்பு. பிஎச்பி ஜேசான் எழுதும்போது, நாம வேற மாதிரி சொல்லலன்னா, தமிழ் எழுத்து ஒவ்வொன்னையும் ஒரு பின்சாய்வுக்கோடு, ஒரு யூ, நாலு இலக்கம்னு ஆறு எழுத்துக் குறியா மாத்தி எழுதும், 12/4-ல இருக்குற சாய்வுக்கோட்டுக்கு முன்னாடியும் ஒரு பின்சாய்வுக்கோட்ட சொருகும். அதுவும் சரியான ஜேசான் தான். "மலர்விழி" எட்டுக் குறியீடு, 24 பைட்டுக்குப் பதிலா 48 எழுத்தாப் போயிருக்கு. நோட் பக்கம் எங்காளு என்ன பண்ணிருக்கான், வந்த ஜேசானப் பிரிச்சு ஆப்ஜெக்ட்டா மாத்தி, அத மறுபடி ஜேசானாக்கி, அதுக்குக் கையெழுத்து சரி பாத்துருக்கான். நோட் தமிழத் தமிழாவே எழுதும், சாய்வுக்கோட்டையும் தொடாது. அர்த்தம் ஒன்னு, எழுத்து வேற, கையெழுத்து எழுத்துக்குத் தானே, அர்த்தத்துக்கு இல்லையே. இங்கிலீஷ் பேருல ரெண்டு பேரும் எழுதுறது ஒரே மாதிரி இருந்ததால டெஸ்ட்ல தெரியல, ஏன்னா டெஸ்ட் பண்ணப்ப எல்லாரும் போட்ட பேரு இங்கிலீஷ்ல "டெஸ்ட்"னு தான். அன்னைல இருந்து ரெண்டு பழக்கம். ஒன்னு, வந்த பாடிய ஒரு எழுத்து கூடத் தொடாம அப்படியே எடுத்து மொதல்ல கையெழுத்து பாக்குறது, பிரிக்கிறது அப்புறம். ரெண்டு, என் டெஸ்ட் டேட்டால எப்பவும் ஒரு மலர்விழி இருப்பாங்க, கதவு எண் 12/4.

அனுப்புறது கூட சுலபம் தான், போய்ச் சேந்துச்சான்னு தெரிஞ்சுக்குறது தான் கஷ்டம். உங்க சர்வர் அந்த சர்வர்கிட்ட "ஸ்டாக்ல ஒன்னக் கொறை"ன்னு சொல்லுது, முப்பது செகண்ட் ஆச்சு, பதில் இல்ல, டைம்அவுட். இப்ப ஸ்டாக் கொறைஞ்சுதா இல்லையா? தெரியாது. ரிக்வெஸ்ட் போற வழியில செத்துருக்கலாம், இல்ல போய்ச் சேந்து ஸ்டாக்கும் கொறைஞ்சு, பதில் வர்ற வழியில செத்துருக்கலாம். ரெண்டும் உங்களுக்கு ஒரே மாதிரி தான் தெரியும். யூபிஐல பணம் கட்டுறோம், நம்ம அக்கவுன்ட்ல கழிஞ்சிடுச்சு, கடைக்காரர் "வரலையேப்பா"ங்குறாரு, ஸ்க்ரீன்ல பென்டிங்னு நிக்குது, ரெண்டு பேரும் முகத்த முகத்தப் பாத்துட்டு நிக்கிறோம்ல, அதே கதை தான். மறுபடி கட்டலாமா வேண்டாமான்னு அங்க வர்ற அதே பயம் கோடுக்கும் வரணும்.

எனக்கு அப்ப வரல. டைம்அவுட் ஆனா மறுபடி அனுப்புன்னு எழுதி வச்சேன், ஒரே சேலை வித்ததுக்கு ஸ்டாக்ல ரெண்டு கொறைஞ்சு, தீபாவளி சமயத்துல கையில இருந்த சேலைக்கு "ஸ்டாக் இல்ல"ன்னு சைட்ல காட்டிட்டு இருந்துச்சு. கடைக்காரர் என்ன சொல்லிருப்பாருன்னு எழுத வேண்டாம். இதுக்கு வழி, ஒவ்வொரு வேலைக்கும் அனுப்புறவரே ஒரு தனி நம்பர் குடுக்குறது. "வேலை எண் 1042-அ, ஸ்டாக்ல ஒன்னக் கொறை." வாங்குற சர்வர் அந்த நம்பர டேட்டாபேஸ்ல யூனிக் கீயோட எழுதி வச்சுக்கும், அதே நம்பர் மறுபடி வந்தா வேலையச் செய்யாம "அது அப்பவே முடிஞ்சுது"ன்னு பழைய பதிலையே குடுக்கும். இதுக்கு ஐடெம்பொடென்ஸி கீன்னு வாயில நுழையாத ஒரு பேரு. இது இருந்தா பத்து தடவ கூட தைரியமா அனுப்பலாம். மறுபடி அனுப்பும்போதும் மூச்சு விடாம அனுப்பக் கூடாது, ஒரு செகண்ட், ரெண்டு, நாலு, எட்டுன்னு விட்டு விட்டு. 500, 503 மாதிரி வந்தா அந்தப் பக்கம் ஏதோ ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் பொறுத்து கேளுங்க. 400, 401 வந்தா தப்பு நம்ம பக்கம், நூறு தடவ அனுப்புனாலும் அதே பதில் தான். பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ்ல டைம்அவுட் நீங்களா குடுக்கலன்னா அது பாட்டுக்கு காத்துட்டே இருக்கும், அதையும் மறக்காதீங்க.

வெப்ஹூக்ங்கிறது இதையே திருப்பிப் போட்டது. "பணம் வந்துச்சா, பணம் வந்துச்சா"ன்னு நிமிஷத்துக்கு ஒருதரம் நாம போய்க் கேக்காம, வந்ததும் அவங்களே நம்ம யூஆர்எல்லக் கூப்பிட்டுச் சொல்றது. அந்த யூஆர்எல் ஊருக்கே தெறந்து கெடக்குறதால கையெழுத்து பாக்காம எதையும் நம்பாதீங்க. அதே செய்தி ரெண்டு தடவ வரலாம், ரெண்டாவது செய்தி மொதல்ல வரலாம். வந்ததும் எழுதி வச்சிட்டு ஒடனே 200, அதாவது "வந்துடுச்சு, சரி"ங்கிற பதிலக் குடுத்துடணும், பிடிஎஃப் பில் போடுறது, மெயில் அனுப்புறதெல்லாம் அதுக்கப்புறம். கிட்ஹப் வெப்ஹூக் பத்து செகண்டுக்குள்ள பதில் எதிர்பாக்கும், வரலன்னா ஃபெயில்னு எழுதிட்டுப் போயிடும், தானா மறுபடி அனுப்பாது.

அந்த சர்வர் ராத்திரி பூரா படுத்துருச்சுன்னா? இதுக்கு, செய்திகள வரிசைல வச்சு அனுப்புற காஃப்கா வை, ராபிட்எம்கியூ வைன்னு ஒடனே ஆரம்பிச்சிடுவாங்க. நல்ல சாமான்கள் தான், ஆனா ஒரு நாளைக்கு முன்னூறு ஆர்டர் வர்ற கடைக்கு காஃப்காங்கிறது தெரு முக்குக் கடையில பால் வாங்க லாரி எடுத்துட்டுப் போற வேலை. உங்க டேட்டாபேஸ்லயே "அனுப்ப வேண்டியது"ன்னு ஒரு டேபிள் போடுங்க. ஆர்டர் சேவ் ஆகுற அதே ட்ரான்ஸாக்ஷன்ல அதுலயும் ஒரு ரோ விழணும், அப்ப தான் ஆர்டர் இருந்து செய்தி இல்லாமப் போறதோ செய்தி இருந்து ஆர்டர் இல்லாமப் போறதோ நடக்காது. நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு க்ரான் (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற வேலை) வந்து அனுப்பாத ரோவ எடுத்து அனுப்பும், 200 வந்தா டிக் அடிக்கும், வரலன்னா அடுத்த நிமிஷம். காலைல அந்த சர்வர் எந்திரிச்சதும் எல்லாம் தானா போயிடும். எனக்கு வருஷக்கணக்கா இது சோறு போடுது.

ரெண்டு அப்ளிகேஷனும் ஒரே டேட்டாபேஸ நேரா தொட்டா என்ன, எதுக்கு இவ்வளவு சுத்துன்னு தம்பியும் கேட்டான். தொடலாம். மைஎஸ்க்யூஎல்னா அதோட 3306 போர்ட்ட வெளிய தெறந்து வைக்கணும், அப்புறம் இவங்க டேபிள்ல ஒரு நெடுவரிசையோட பேர மாத்துனா அவங்க அப்ளிகேஷன் படுக்கும், யாரால படுத்துச்சுன்னு தெரியவே அரை நாள் ஆகும்.

கடைசியா தம்பி விஷயத்துக்கு வர்றேன். அவனுக்கு வேண்டியது யூசர் யாருங்கிற தகவல். லாகின் சர்வர் ஊகிக்க முடியாத ஒரு கோட (புரோகிராம் இல்ல, ஓடிபி மாதிரி ஒரு தற்காலிக எழுத்து வரிசை) உண்டாக்கி, அதுக்கு எதிர்ல யூசர் ஐடிய எழுதி வச்சுக்கணும், அந்த கோட மட்டும் ரீடைரக்ட்ல பிரவுசர் கையில குடுக்கணும். ரிப்போர்ட் சர்வர் அந்த கோட எடுத்துட்டு பின்பக்கமா லாகின் சர்வர்கிட்ட ஏபிஐ கீயோட போய் "இது யாருது?"ன்னு கேக்கும், பதில் வாங்கிட்டு தன்னோட சொந்த செஷன ஆரம்பிக்கும். கோடு ஒரு நிமிஷம் தான் உயிரோட இருக்கும், ஒரு தடவ கேட்டதும் செத்துடும். கூகுள் வச்சு லாகின் பண்ற சைட்டுகள்ல நடக்குறதும் அடிப்படையில இதே தான், 2012-ல ஓஆத் 2-ன்னு ஆர்எஃப்சி 6749-ல இருக்கு, அதுல அந்த கோடுக்கு அதிகபட்சம் பத்து நிமிஷம் போதும்னு சொல்லிருக்காங்க.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே பத்து மணிக்கு போன்.

"அண்ணா, லேப்டாப் பிரவுசர்ல சூப்பரா ஓடுதுண்ணா. போன்ல டெஸ்ட் பண்ணலாம்னு அந்த கோடு இருக்குற லிங்க எனக்கே வாட்ஸாப்ல அனுப்பி ஒடனே க்ளிக் பண்ணேன், 'கோடு ஏற்கனவே யூஸ் ஆயிடுச்சு'ன்னு வருது, நாலு தடவ புதுசு புதுசா எடுத்துப் பாத்துட்டேன், நான் ஒருதரம் கூட தொறக்கவே இல்லண்ணா."

"நீ தொறக்கல. லிங்க ஒட்டுனதும் கீழ டைட்டில், படம்னு ஒரு ப்ரிவ்யூ வந்துச்சா?"

"ஆமா வந்துச்சு."

"அதக் காட்ட வாட்ஸாப் அந்த லிங்கத் தொறந்து பாத்துருக்கும்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்ப என் கோடு சரியாத் தான் வேலை செய்யுதாண்ணா?"

"செய்யுது. போய்த் தூங்கு."